பகோடா பாயிண்டில் விட்டு வந்த பஜ்ஜி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இரண்டு வழி. கோரிமேடு தாண்டி அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று. குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. மே மாதம், கோடை விழா நேரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அடிவாரம் பாதையில் ஏறுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அது எனக்குக் குறைவு. அதனால்தான் வண்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா பின்சீட்டில்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. சங்ககிரியில் லாரி ஓட்டியே காலத்தைக் கழித்தவர். மலையில் ஏறும்போது ரேடியோ கூடப் போட மாட்டார். பாதி மலையில், ஒரு வளைவில், மேலேயிருந்து வந்த கார் ஒன்று சாலையின் நடுக்கோட்டை விழுங்கிக்கொண்டு எங்களை நோக்கியே திரும்பியது. சாலை குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டிதான் ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது சாலை விதியிலேயே இருக்கிறது. காரணமும் எளிது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம், பின்னால் உருளும். மாமா ஹாரன் கூட அடிக்காமல் ஓரம் ஒதுங்கி, கையைக் காட்டி அந்தக் காரை அனுப்பினார்.

"சட்டம் நம்ம பக்கம்தானடா?" என்றார் அம்மா.

"சட்டமும் நம்ம பக்கம்தான்க்கா, பள்ளமும் நம்ம பக்கம்தான்" என்றார் மாமா.

ஏரிக்கரையில் நிற்கவே இடமில்லை. படகுத்துறையில் வரிசை, அண்ணா பூங்கா வாசலில் அதைவிட வரிசை. நேராக பகோடா பாயிண்டுக்குப் போய்விட்டோம். கோபுரம் மாதிரி அடுக்கிய கற்குவியல்கள், ஒரு ராமர் கோவில், கீழே பள்ளத்தில் ஊரும் வயலும். வெயில் இருந்தாலும் காற்று இருந்தது. 1,500 மீட்டர் உயரத்துக்கு அந்த மரியாதை உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அங்கே எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் மிளகாய் பஜ்ஜிக்காகவே மலை ஏறலாம். மூன்று பிளேட் சொல்லி, காசையும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். வரும்போதே சத்தம்.

"யாருய்யா அந்த வெள்ளை வண்டி? என் கண்ணாடிய ஒடச்சுட்டு இங்க வந்து பஜ்ஜி தின்னுட்டிருக்கீங்க?"

அவனுடைய கார் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. நண்பர்கள் நான்கைந்து பேர் அதன்மேல் சாய்ந்திருந்தார்கள். பக்கத்தில் வந்ததும் வாடை அடித்தது. மாமா பதில் சொல்லாமல் அவனோடு நடந்து போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். பக்கக் கண்ணாடி உடையவில்லை, உள்பக்கமாக மடங்கியிருந்தது. அவ்வளவுதான். யார் மடக்கினார்களோ. நாங்கள் நிறுத்தும்போது அந்த இடமே காலியாகத்தான் இருந்தது.

"மடங்கித்தாங்க தம்பி இருக்குது, ஒடையல. பாருங்க" என்று மாமா அதை விரித்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

நியாயமாக விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவனுடைய நண்பர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. சண்டைக்கு வந்தவன் முகம் மாறியது.

"நான் யாருன்னு தெரியுமா? எந்த ஊருய்யா நீங்க?"

இந்த இடத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறவரைக்கும் அவனோடு பேசலாம். கீறலைக் காட்டு என்று கேட்கலாம், சரிசெய்து தருகிறேன் என்றோ, தரமாட்டேன் என்றோ சொல்லலாம். "நான் யாருன்னு தெரியுமா" என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சில் இனிக் கண்ணாடி இல்லை. நாம் என்ன சரியான பதில் சொன்னாலும் அது அவனுக்கு இன்னொரு சிரிப்பாகத்தான் கேட்கும். தெரியும் என்றாலும் வம்பு, தெரியாது என்றாலும் வம்பு.

எனக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வீடியோ எடுக்கலாமென்று பாக்கெட்டில் கை வைத்தேன். மாமா திரும்பாமலேயே, "உள்ள வை மாப்ளே" என்றார்.

அவர் நின்ற விதத்தை அப்புறம்தான் யோசித்தேன். அவனுக்கு நேர் எதிரே நிற்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டாத தூரத்தில். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால், கும்பிடப் போகிற மாதிரி. பார்க்கப் பணிவு. அடி விழுந்தால் தடுக்கவும் அந்தக் கைதான். முதுகுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் வராதபடியும் பார்த்துக்கொண்டார். அவன் குரல் ஏற ஏற இவர் குரல் இறங்கியது.

திடீரென்று அவன் கத்துவதை நிறுத்தினான். கையிலிருந்த போனையும் கூலிங் கிளாஸையும் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். கையைக் காலி செய்கிறான், அடுத்தது அடிதான்.

"சரிங்க தம்பி, நாங்க கெளம்பறோம்" என்றார் மாமா. ஒரே தடவைதான் சொன்னார். விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. பின்பக்கமாகவே நாலு எட்டு வைத்து, அப்புறம்தான் திரும்பினார். அம்மாவை ஏற்றி, கதவைப் பூட்டி, வண்டியை எடுத்தாயிற்று. பஜ்ஜிக் கடைக்கார அக்கா ஜல்லிக் கரண்டியும் கையுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பிளேட்டும் அங்கேயே கிடந்தன.

கெட்ட வார்த்தைகள் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்தன. வரட்டும்.

எங்கள் திட்டப்படி அடுத்தது சேர்வராயன் கோவில். ஆனால் மாமா வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினார். கோவிலுக்குப் போகிற வழியில் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களும் அதில் படர்ந்த மிளகுக் கொடியும்தான் துணை. பின்னால் யாராவது வந்தால் கேட்க ஆள் இருக்காது. கூட்டமாக இருக்கிற ரவுண்டானா அருகே போய் நிறுத்தி, டீ குடித்துக்கொண்டே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டி நம்பரை வரும்போதே நான் போனில் குறித்துவிட்டேன். யாரும் வரவில்லை.

"வந்திருந்தா?" என்றேன்.

"நேரா ஸ்டேஷன் வாசல்ல போய் நிறுத்தியிருப்பேன். தங்கற எடத்துக்கு மட்டும் போகக் கூடாது. நாம எங்க இருக்கோம்னு நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும்."

மாமாவின் வழி எல்லாருக்கும் பொருந்தும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கேமராவைப் பார்த்தால் போதையில் இருப்பவனுக்கு வெறி கூடும் என்பது சரிதான். ஆனால் ஒரு பெண் தனியாகப் போய் இதே நிலையில் மாட்டினால் பணிவாக நின்று பேசச் சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்துக் கடைக்குள் போய்விட வேண்டும், குடும்பமாக நிற்பவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும், சத்தம் போட வேண்டும், 112-ஐ அழைக்க வேண்டும். அங்கே அடக்கம் பார்க்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு ஆறவே இல்லை. "நம்ம மேல தப்பே இல்ல. எதுக்குடா ஓடியாந்தீங்க?"

"லாரில சரக்கு இருக்கும்க்கா. சண்டையில நான் ஜெயிச்சாலும் சரக்கு நேரத்துக்குப் போகாது. இன்னைக்கு சரக்கு நீதான்" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபிறகு கோவிலுக்குப் போனோம். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். மலைவாழ் மக்களின் சாமி. மே மாதம் திருவிழாவும் உண்டு. மலையின் உச்சி அது. காற்று ஆளைத் தள்ளியது. அம்மா சாமியிடம் என்ன முறையிட்டாரோ தெரியாது, ரொம்ப நேரம் நின்றார்.

இறங்கியது குப்பனூர் வழி. அடிவாரம் பாதையைவிடக் கூட்டம் குறைவு, ஆனால் இருட்டு அதிகம். சேலத்துக்குள் வந்ததும் அம்மாப்பேட்டையில் தட்டுவடை செட்டு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. பஜ்ஜியின் கடனை அங்கே தீர்த்துக்கொண்டோம். அடுத்த வாரம் சித்தி வீட்டுக்குப் போனபோது அம்மா இந்தக் கதையைச் சொன்னார். அதில் மாமா ஒரு அதட்டு அதட்டுகிறார், அவன் பஜ்ஜியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். மாமாவும் அங்கேதான் இருந்தார். வாயே திறக்காமல் இன்னொரு வாய் காப்பி குடித்துக்கொண்டார்.