நீங்க சொன்ன மாதிரிங்க சார்

ஈரோட்டில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் 2016 முதல் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அங்கே இரண்டு போன். மேஜை மேல் இருந்த லேண்ட்லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். சட்டைப்பையில் இருந்த செல்போனில் பேசுவது பதிவாகாது. எதை எந்தப் போனில் பேச வேண்டும் என்பது முதல் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டதுதான்.

சேரும்போது சம்பளம் 18,000 ரூபாய். சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு தரகு கொண்டுவர வேண்டும், அதாவது மாதம் 90,000. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு நாலாயிரத்துச் சொச்சம். இந்த நாலாயிரம் என்கிற எண்ணை மறக்கவே முடியாது. காலையில் பல் துலக்கும்போதே அது வாய்க்குள் வந்துவிடும். 8:45-க்கு ஸ்பீக்கர் போனில் கோயம்புத்தூர் மேலிடம் லைனில் வரும். நேற்று யார் எவ்வளவு, இன்று யார் எவ்வளவு தருவதாகச் சொல்கிறார்கள் என்று கிளை கிளையாகக் கேட்பார்கள். "ஈரோடு, நேத்து ரெண்டு பேரு ஜீரோ" என்று ஒரு குரல் சொல்லும். ஜீரோ போட்டவன் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் போனுக்கு முன்னால் எதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

9:15-க்கு மார்க்கெட் திறந்தால் 3:30 வரை சீட்டை விட்டு நகர முடியாது. டிபன் பாக்ஸை நாலு மணிக்குத் திறப்போம். தயிர்சாதம் அதற்குள் புளித்திருக்கும். சனிக்கிழமை மார்க்கெட் லீவு, எங்களுக்கு இல்லை. அன்றைக்கு டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கிற கணக்கு, பிடிக்க வேண்டும். பெரியப்பா பையன், சித்தி, கல்யாணமாகிப் போன தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர் என்று என் சொந்தத்தில் பாதிப்பேருக்குக் கணக்கு இருக்கிறது. அதற்கான வருடாந்திரக் கட்டணத்தை நான்தான் கட்டினேன். மார்ச் மாதம் வந்தால் இன்சூரன்ஸ் பாலிசியும் விற்க வேண்டும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

விசிட்டிங் கார்டில் முதலில் 'வெல்த் அட்வைசர்' என்று போட்டிருந்தார்கள். ஊரில் அதைக் காட்டியபோது அப்பாவுக்கு ஏகப் பெருமை. 2020-இல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஆலோசகர் விதிகளை இறுக்கியது. விற்பனைப் பக்கம் இருப்பவர்கள் அந்த மாதிரிப் பட்டங்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றானதும் புது கார்டு அடித்து வந்தது. 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்'. டார்கெட் அதேதான்.

என் கையில் இருந்த வாடிக்கையாளர்களில் கவுந்தப்பாடிப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஓய்வூதியப் பலனில் ஐந்து லட்சத்தைப் பங்கில் போட்டிருந்தார். நல்ல கம்பெனிப் பங்குகள்தான். வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. சும்மா இருந்தால் எனக்குத்தான் ஜீரோ.

கணக்கைப் பாருங்கள். டெலிவரிக்கு, அதாவது அன்றே விற்றுவிடாமல் பங்கைக் கணக்கில் வாங்கி வைப்பதற்கு, எங்கள் தரகு 0.40 சதவீதம், வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. ஐந்து லட்சத்துக்குப் பங்கை விற்று வேறு பங்கு வாங்கினால் தரகு 4,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 720. பங்குப் பரிவர்த்தனை வரி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், ஆக 1,000. மற்ற சில்லறைகளை விட்டுவிட்டாலும் ஒரு சுற்றுக்கு 5,720 போய்விடுகிறது. மாதம் ஒரு சுற்று சுற்றினால் வருஷத்துக்கு 68,640. போட்ட பணத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம். சந்தை அவருக்கு 14 சதவீதம் சம்பாதித்துக் கொடுத்தால்தான் அவர் நின்ற இடத்திலேயே நிற்க முடியும்.

அந்தச் சுற்றில் எங்களுக்கு வருகிற நாலாயிரம் என்னுடைய ஒரு நாள் டார்கெட். வாத்தியார் ஒரு தடவை 'சரி' என்றால் அன்றைக்கு நான் எழுந்து நிற்க வேண்டியதில்லை. யாரும் என்னிடம் ஏமாற்று என்று சொன்னதில்லை, ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட. தினமும் எண்ணை மட்டும்தான் கேட்டார்கள்.

2018 மார்ச்சில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர்தான் ஆர்டர் கொடுத்தார் என்பதற்குச் சான்று இல்லாமல் அவர் கணக்கில் வியாபாரம் செய்யக் கூடாது. கையெழுத்து, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, போன் பதிவு, ஏதோ ஒன்று வேண்டும். தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டியது தரகர். அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல். நல்ல விதி. அதற்கு முன்னால் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் கணக்கில் வாங்கி விற்ற டீலர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அந்த அட்டகாசம் இதனால் நிஜமாகவே குறைந்தது.

எங்கள் கிளையில் அந்த விதிக்கு ஒரு மாதத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டோம். முதலில் செல்லில் கூப்பிடுவோம். "சார், இந்த பேங்க் ஷேரு இனி ஏறாதுங்க, வித்துட்டு அந்த பார்மா ஷேருக்குப் போயிறலாம், எங்க ரிசர்ச்ல சொல்றாங்க." அவர் தயங்குவார், இரண்டு கேள்வி கேட்பார், கடைசியில் "சரி, நீங்க சொன்னா சரி" என்பார். வைத்துவிட்டு உடனே லேண்ட்லைனில் கூப்பிடுவோம். அந்த அழைப்பு எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: "வணக்கம்ங்க சார், நீங்க சொன்ன மாதிரி..."

நீங்க சொன்ன மாதிரி பேங்க் ஷேரு இருநூறு வித்துறலாங்களா சார்? "ம்ம், சரிங்க தம்பி." நீங்க சொன்ன மாதிரி பார்மால நூத்தம்பது வாங்கிறலாங்களா? "சரிங்க." எஃப்1 தட்டினால் வாங்கும் ஜன்னல் நீலத்தில் திறக்கும், எஃப்2 தட்டினால் விற்கும் ஜன்னல் சிவப்பில். வேலை ஒரு நிமிஷம். பதிவைக் கேட்கிறவருக்கு, வாத்தியார் தானாக யோசித்து முடிவெடுத்து எனக்கு உத்தரவு போட்டது போல இருக்கும். அவர் சொன்னது 'சரிங்க' மட்டும்தான். மீதி எல்லாம் நான் சொன்னது.

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்தார், பத்து வருஷ அனுபவம். அவருக்கு இந்த இரண்டு போன் பழக்கம் இல்லை. பதிவாகிற லைனிலேயே, "இன்னைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாங்கண்ணா, இருக்கறது இருக்கட்டும்" என்று சொல்வார். ஒருநாள் மேனேஜர் அவர் பின்னால் வந்து நின்று முழு அழைப்பையும் கேட்டுவிட்டு, "மேடம், இப்ப பேசினீங்களே, அதுக்கு ரெவென்யூ எவ்வளவுங்க?" என்று கேட்டார். கேலிதான். அக்கா சிரித்துக்கொண்டே ஹெட்செட்டைக் கழற்றி, "நாலு வருஷமா எங்கிட்டயே இருக்காருங்க சார்" என்றார். அடுத்த அப்ரைசலில் அவருக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக முடியாமல் வேலையை விட்டார். மேனேஜரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவரும் கோயம்புத்தூருக்குப் பதில் சொல்ல எழுந்து நின்றவர்தான். சர்க்கரை மாத்திரையை டிராயரில் வைத்திருப்பார், அதைப் போட்டுக்கொள்ளவும் 3:30 ஆக வேண்டும்.

2019 கடைசியில் தலைமையாசிரியர் பஸ் ஏறி கிளைக்கே வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் ஏழு மாதத்து கான்ட்ராக்ட் நோட்டுகள், வாங்கி விற்றதற்கான கணக்குச் சீட்டுகள். எங்களிடமிருந்து மின்னஞ்சலில் போவதை மகள் பிரின்ட் எடுத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் தரகு வருகிற கட்டத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. விடைத்தாள் திருத்திய கை. பின்பக்கத்தில் கூட்டல் போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தார். தரகும் அதன் வரியும் 33,040. பரிவர்த்தனை வரி 7,000. பங்கு விலையில் கிடைத்த லாபம் ஐம்பத்தோராயிரம். கையில் நின்றது பதினோராயிரம்.

"கூட்டல் சரியான்னு பாருங்க தம்பி. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க."

நான் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். சரியாக இருந்தது. தட்டாமலே எனக்குத் தெரியும்.

"பேங்க்ல போட்டிருந்தா இருபதாயிரம் வந்திருக்குங்களே" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று நிஜமாகவே என்னிடம் கேட்டார். நான் நீண்டகால முதலீடு, காம்பவுண்டிங் என்று ஏதேதோ சொன்னேன். மாதம் ஒரு தடவை விற்று வாங்குவதற்கும் நீண்டகாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தாள்களை வரிசையாக அடுக்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் அவர் பெயரில் புகார் வந்தது. பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளை போட்டது. அன்று சாயங்காலமே வாத்தியார் என் செல்லுக்குக் கூப்பிட்டார். "மாப்பிள்ளைதாங்க போட்டுட்டாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே தம்பி?"

ஒன்றும் ஆகவில்லை. மும்பையிலிருந்து கம்ப்ளையன்ஸ் ஆட்கள், அதாவது விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிறவர்கள், அவர் கணக்கின் பதிவுகள் அத்தனையையும் எடுத்தார்கள். ஒரு கான்ஃபரன்ஸ் அழைப்பில் என்னையும் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டார்கள். நீங்க சொன்ன மாதிரிங்க சார். சரிங்க தம்பி. நீங்க சொன்ன மாதிரி. ம்ம். அரை மணி நேரம் என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப மரியாதையான குரல். முடிந்ததும் மும்பைக்காரர், "வெரி கிளீன் ரெக்கார்டிங்ஸ்" என்றார். மற்ற கிளைகளுக்குப் பயிற்சியில் போட்டுக் காட்டலாம் என்றும் சொன்னார். பதிவுகளை இணைத்துப் பதில் போனது, புகார் முடித்துவைக்கப்பட்டது. மேனேஜர் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் 2020 மார்ச் வந்துவிட்டது. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மத்திய அரசு முடக்கச் சொன்ன மாவட்டங்களில் தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் இருந்தது. மறுநாள் திங்கள், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாலு பேர் கிளைக்கு வந்தோம். மார்க்கெட் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பத்து சதவீதம் சரிந்து வியாபாரம் 45 நிமிஷம் நின்றது. திரும்பத் திறந்தும் சரிவு நிற்கவில்லை. சென்செக்ஸ் அன்றைக்கு 3,935 புள்ளி போயிற்று. ஜனவரியில் 42,000-ஐத் தொட்டது 26,000-க்கும் கீழே நின்றது.

அந்த 45 நிமிஷமும் நான் போனில் இருந்தேன். மஞ்சள் மண்டிக்காரர் ஒருவருக்குக் கடன் வைத்துப் பங்கு வாங்க மார்ஜின் ஃபண்டிங் போட்டுக் கொடுத்தவன் நான். அவர் கையில் இருக்கிற பணத்துக்கு மேல் வாங்கலாம், தரகும் வரும், வட்டியும் வரும், கிளைக்கு இரண்டு பக்கமும் லாபம். விலை சரிந்ததற்கு ஈடாகப் பணம் கட்டாவிட்டால், மார்க்கெட் திறந்ததும் அவர் பங்குகளை விற்றுவிடுவார்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். "மண்டியே மூடிக் கெடக்குது, இப்ப எங்கிருந்துங்க பணம் பொரட்டறது?" என்றார். திறந்ததும் மும்பையில் யாரோ ஒருவர் அவர் பங்குகளை விற்றார். என் திரையில் ஒவ்வொரு வரியாகச் சிவப்பில் ஓடியது. நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியபோது அவர் கணக்கில் ஒரு பங்குகூட இல்லை. அவர் புகாரெல்லாம் போடவில்லை. மண்டிப் பக்கம் போனால் நான் வேறு தெருவில் திரும்பிக்கொள்வேன்.

2024 செப்டம்பரில் செபியின் ஆய்வு ஒன்று வந்தது. எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எல்லாரும் அந்த 93-ஐப் பற்றிப் பேசினார்கள். என் கண் வேறு வரியில் நின்றது. அதே மூன்று வருஷத்தில் அவர்கள் கட்டணமாகவே சுமார் 50,000 கோடி கட்டியிருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் தரகு. ஜெயித்தவன் தோற்றவன் எல்லாருமாகக் கட்டியது. அதில் எங்கள் ஊர் நாலாயிரங்களும் இருந்திருக்கும்.

2021-இல் வேலையை விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்தது, சம்பளம் மூவாயிரம் கூட, ஞாயிறு நிச்சயம் லீவு. அதற்காகத்தான் விட்டேன்.

கடைசி நாள் என் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் ஒப்படைக்க வேண்டும். கணக்கு எண், கையிருப்பு, கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம். வாத்தியார் கணக்கை மூடவில்லை, அத்தனைக்கும் பிறகு பங்குகளை அங்கேயேதான் வைத்திருந்தார். அவர் வரிசையில், "நாமாகக் கூப்பிட வேண்டாம், தேவைப்பட்டால் அவரே கூப்பிடுவார்" என்று அடித்துவிட்டு மதியம் அனுப்பினேன்.

சாயங்காலம் ஆறு மணி வரை என் மின்னஞ்சலை மூடவில்லை. மேனேஜர் திருத்திய பட்டியல் எல்லாருக்கும் போனபோது எனக்கும் ஒன்று வந்தது. நான் எழுதியது இல்லை. அந்தக் கட்டத்தில், "ரிட்டயர்டு ஹெச்எம். பேங்கில் டெபாசிட் இருக்கு. ஃபாலோ அப்" என்று இருந்தது. அதற்கு நேராக, புதிதாகச் சேர்ந்த பையனின் பெயர்.