ரோல் மாற்றினால் ஒரு மணி நேரம் அப்படித்தான்

ஒரு பாட்டிலை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் லேபிள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருப்பது தெரியாது. பன்னிரண்டைப் பெட்டியில் வரிசையாக நிறுத்தினால் பல்வரிசை கோணலானது மாதிரி உடனே கண்ணை உறுத்தும். எங்களுடையது தட்டையான முகம் கொண்ட பாட்டில். லேபிள் கொஞ்சம் அதிகமாக முன்னே தள்ளிப் போனால் விளிம்பு பாட்டிலின் வளைவில் ஏறிவிடும், மறுநாள் அங்கே காது தூக்கி நிற்கும். அந்தக் காதுகள் அதிகமானபோதுதான் லேபிள் மெஷின் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் செய்தது எல்லாம் தப்பு. தவறாமல் எல்லோரும் செய்யும் தப்பு என்பதால் சொல்வதில் வெட்கமில்லை. நேராகத் திரைக்குப் போய் எண்களைத் தட்டத் தொடங்கினேன். பாட்டிலை சென்சார் பார்த்ததிலிருந்து லேபிள் கிளம்பும் வரைக்கும் ஒரு தாமத நேரம் வைத்திருப்பார்கள். கன்வேயர் நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓடுகிறது, அதாவது விநாடிக்கு 200 மில்லிமீட்டர். தாமதத்தில் 10 மில்லிவிநாடி மாற்றினால் லேபிள் 2 மில்லிமீட்டர் நகரும். கணக்கு அழகாக இருந்தது, லேபிளும் நகர்ந்தது, சரியாகிவிட்டது என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லா லேபிளும் எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தன. மறுபடி எண்ணை மாற்றினேன். இப்படி இரண்டு நாள். ஆரம்பத்தில் என்ன எண் இருந்தது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நடுவில் வேறு சந்தேகங்களும் வந்தன. பாட்டிலில் ஈரம் இருந்தால் லேபிள் பிடிக்காது, அதனால் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒட்டல் உறுதியாகத்தான் இருந்தது, இடம்தான் தப்பு. லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் படிக்கும் சென்சார் மேல் சந்தேகம் வந்தது. கவட்டை வடிவத்தில் இருக்கும் அது. ஒரு கையிலிருந்து வெளிச்சம் கிளம்பி இன்னொரு கைக்குப் போகும், நடுவே ரோல் ஓடும். லேபிள்களைச் சுமந்து வரும் அடித்தாள் மட்டும் வெறுமையாக வரும்போது வெளிச்சம் அதிகம் கடக்கும், லேபிளும் சேர்ந்து வரும்போது குறையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கே நிற்பது என்று மெஷின் முடிவு செய்கிறது. தூசியைத் துடைத்து, வெறும் தாளைக் காட்டி மறுபடி கற்றுக்கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த சென்சார் பழுதாகியிருந்தால் இரண்டு லேபிள் சேர்ந்து ஓடியிருக்கும், இல்லை ஒரு பாட்டில் வெறுமையாகப் போயிருக்கும். எங்களுக்கு அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் அதைத் தொட்டே இருக்க வேண்டாம்.

பேக்கிங் மேசையில் இருக்கும் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள் காலை, புது ரோல் போட்டதும் ஒரு காலிப் பெட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தார். எதற்கு என்றேன்.

“சார், ரோல் மாத்தினா ஒரு மணி நேரம் அப்படித்தான் கோணலா வரும். அதையெல்லாம் இதுல போட்டுருவேன். அப்புறம் தானா சரியாயிடும்.”

“எத்தனை நாளா அக்கா இப்படி?”

“யாரும் கேக்கலையே.”

தானாகச் சரியாகிறது என்றால் என் தாமதக் கணக்கெல்லாம் எங்கே போய் நிற்கிறது? கோணல் நேரத்தில் நான் திருத்துகிறேன், மெஷின் தன் போக்கில் சரியாகிறது, என் திருத்தம் மட்டும் மிச்சம் நின்று எதிர்ப்பக்கக் கோணலாகிறது. இரண்டு நாள் நான் துரத்தியது என் வாலையே.

அதற்கு மேல் எதையும் திருகுவதில்லை என்று முடிவு செய்து பாட்டில்களை நிறுத்தினேன். தப்பு பாட்டில் வரும் விதத்திலா, லேபிள் கிளம்பும் விதத்திலா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். லேபிள் உரியும் தகட்டின் முனையில் அடுத்த லேபிள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். எங்கள் மெஷினில் அது 2 மில்லிமீட்டர். பாட்டில் சென்சார் முன்னால் கையைக் காட்டினால் ஒரு லேபிள் வெளியே வரும், அடுத்தது முனைக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் அந்த நீட்டம் ஒரே அளவில் இருந்தால் லேபிள் பக்கம் சுத்தம், பாட்டில் பக்கம் தேட வேண்டும்.

இருக்கவில்லை. ஒரு தடவை 2, அடுத்த தடவை 3, பிறகு 4. பழுது லேபிள் பக்கம்தான்.

பாரமான புது ரோலை இழுக்க முடியாமல் ரோலர் வழுக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி வழுக்கினால் நீட்டம் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. யாரோ லேபிளை முன்னால் இழுக்கிறார்கள். டார்ச்சை அடித்துக்கொண்டு முனைக்குப் பக்கத்தில் குனிந்தேன். கையை எடுத்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் நிற்க வேண்டிய லேபிள் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. பாட்டில் சீக்கிரம் வந்தால் கோணல் குறைவு, தாமதமாக வந்தால் அதிகம். பாட்டில்கள் சீரான இடைவெளியில் வராததால்தான் கோணலும் ஒரு கணக்கில்லாமல் தெரிந்திருக்கிறது.

லேபிள் உரிந்த பிறகு மிஞ்சும் அடித்தாள் இழுப்பு ரோலருக்கும் அதை அழுத்தும் பிரஷர் ரோலருக்கும் நடுவே போய்க் கடைசியில் சுற்றும் தண்டில் சேரும். அந்தத் தண்டுக்குத் தனியாக ஒரு சின்ன மோட்டார். தாள் தொய்யாமல் இருக்க மெஷின் ஓடும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். அளவுக்கு மேல் போனால் நடுவில் உள்ள கிளட்ச் வழுக்கிவிடும். இழுப்பு ரோலர் நிற்கும்போது தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது பிரஷர் ரோலரின் வேலை. அது பிடிக்கவில்லை.

சரி, ஒரு மணி நேரத்தில் ஏன் தானாகச் சரியாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிளட்ச் தரும் முறுக்கு விசை மாறாது. ஆனால் தாளை இழுக்கும் விசை, அந்த முறுக்கை ஆரத்தால் வகுத்த அளவு. வெறும் தண்டு 50 மில்லிமீட்டர் விட்டம். தாள் சுற்றி 250 ஆகும்போது அதே முறுக்கு ஐந்தில் ஒரு பங்கு விசையில்தான் தாளை இழுக்கும். புது ரோல் போடும்போதே சுற்றிய கழிவுத் தாளையும் கழற்றி எறிவது எங்கள் வழக்கம். அதனால் தண்டு வெறுமையாக இருக்கும் நேரமும் ரோல் புதிதாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்து, பழி முழுக்க ரோலுக்குப் போயிருக்கிறது.

உறுதி செய்ய ஒரு காரியம் செய்தேன். மதியம், பாதி தீர்ந்த ரோலில் எல்லாம் ஒழுங்காக ஓடும்போது மெஷினை நிறுத்தி, கழிவுத் தாளை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினேன். முதல் பாட்டிலிலேயே கோணல் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அடுத்து தாளைத் தண்டில் சேர்க்காமல் தரையில் விழவிட்டேன். ஒரு லேபிள்கூட இடம் தவறவில்லை.

மீதி வேலைக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. மின்சாரத்தை அணைத்து, பிரஷர் ரோலருக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் மெல்லிய தாள் துண்டு ஒவ்வொன்று வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத் துண்டு கிழிந்து வந்தது. இன்னொரு பக்கம் வெண்ணெயில் செருகின மாதிரி வழுக்கி வந்தது. அந்தப் பக்க ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு நகராமல் பூட்டி வைக்கும் லாக் நட் தளர்ந்து, திருகு சில சுற்று வெளியே வந்திருந்தது. அதிர்விலேயே கழன்றிருக்கும். இரண்டு பக்கத் துண்டும் ஒரே இறுக்கத்தில் வரும்வரை சரிசெய்து லாக் நட்டைப் பூட்டினேன். இழுப்பு ரோலரின் ரப்பர் மேல் காய்ந்த பசை பளபளவென்று ஒரு தோலாகப் படிந்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். பிளேடு வைத்துச் சுரண்டினால் சீக்கிரம் போகும்தான், ஆனால் கீறல் விழுந்த ரப்பரில் அடுத்த வாரமே பசை இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளட்ச் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது. தாளில் பிடிப்பில்லாத போது யாரோ அதை முறுக்கி நிவாரணம் தேடியிருக்க வேண்டும். வெறும் தண்டிலும் தாள் தொய்யாத அளவுக்கு மட்டும் விட்டுத் தளர்த்தினேன்.

அப்புறம் என் கையால் கெடுத்த எண்களுக்கு வந்தேன். தாமதத்தைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. லேபிள் வரும் வேகத்தையும் நான் இடையில் தொட்டிருக்கிறேன். அது பாட்டிலின் வேகத்தோடு பொருந்த வேண்டும். கூடினால் லேபிள் சுருங்கி நடுவில் காற்றுக் கொப்புளம் வரும், குறைந்தால் இழுபட்டுக் கோணும். இந்தத் தடவை எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அந்த அட்டையும் கொஞ்சம் கோணல்தான், கையால் ஒட்டியது.

மறுநாள் காலை ரோல் மாற்றியபோது வழக்கம்போல் அக்கா காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மதியம் வரை அது காலியாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் வைத்தார். மூன்றாம் நாள் அதைக் கவிழ்த்துப் போட்டு, கால் வைத்துக்கொள்ளும் பலகையாக்கிக்கொண்டார்.