டிரில் உடைந்தது, கோளாறு டரட்டில்

ஒரே வாரத்தில் 12 மி.மீ. கார்பைடு டிரில் இரண்டு உடைந்துவிட்டது. ஓட்டையை அளந்தால் 12.13, வாய்ப்பக்கம் அதைவிட அகலம். சிஎன்சி லேத்தில் டிரில் சுற்றாது, டூல்களைத் தாங்கும் டரட்டில் நிற்கும்; ஜாப்தான் (கடையும் பொருள்) சுற்றும். அதனால் டிரில் சென்டரை விட்டு விலகினால் விலகிய தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டை பெரிதாகும். இது தெரிந்தும் இரண்டு நாள் எக்ஸ் ஆஃப்செட்டையே (டூலின் குறுக்குவாட்டு நிலைக்கான திருத்தம்) மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மிகச் சின்ன அசைவையும் அளந்து காட்டும் டயலை எடுத்தேன். மெஷினை எமர்ஜென்சியில் போட்டு, மேக்னட் ஸ்டாண்டை ஜாப்பைப் பிடிக்கும் சக்கில் ஒட்டி, லீவர் டயலின் முனையை டிரில் ஹோல்டரின் துளைக்குள் விட்டு, சக்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். எக்ஸ் திசையில் இரண்டு பக்கமும் 0.02தான் வித்தியாசம். மேலும் கீழும் பார்த்தால் 0.06!

உடனே டரட்டைத் தட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஸ்டாண்டின் கை நீளமாக இருந்தால் தன் எடைக்கே தொங்கும், அந்தத் தொங்கல் மேல்-கீழ் ரீடிங்கில்தான் வந்து சேரும். தடிமனான ஒரு பாரில் அதே அமைப்பைக் கட்டி, மேலே பூஜ்யம் வைத்துத் தலைகீழாகத் திருப்பினேன்: 0.06 காட்டியது. டயல் தொங்கும்போது ஹோல்டர் இருப்பதைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும், அதனால் இதையும் கூட்ட வேண்டும்: உண்மையான வித்தியாசம் 0.12, அதில் பாதி, அதாவது 0.06, டிரில் கீழே இருக்கிறது. டரட்டில் டூல் மாட்டும் பக்கத்து ஸ்டேஷனிலும் அதே அளவுதான். ஹோல்டரில் குறையில்லை, எப்போதோ பட்ட இடியில் டரட்டே லேசாகத் திரும்பியிருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஜாப்பின் முகம் சீவும்போது நடுவில் குச்சி மாதிரி ஒரு சின்ன மிச்சம் நின்றதற்காக, அந்த டூலுக்கு அடியில் 0.05 ஷிம் (மெல்லிய தகடு) வைத்திருந்தேன். டூல் சென்டருக்குக் கீழே இருந்தால் அப்படித்தான் நிற்கும். மெஷின் முன்பே சொல்லியிருக்கிறது, நான் ஷிம் போட்டு மூடிவிட்டேன்.

டயலின் கையை முடிந்தவரை குட்டையாக்கிக்கொண்டு, டரட்டை அதன் இடத்தில் நிறுத்தும் டேப்பர் பின்னை எடுத்து, டரட் போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் வைத்து, நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி 0.02க்குக் கொண்டுவந்தேன். போல்ட்டை முழுசாக இறுக்கியதும் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி தளர்த்தி மறுபடி தட்ட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் அவசரமே கூடாது. ஹோல்டரில் டெஸ்ட் பார் மாட்டி இசட்டில் (நீளவாக்கில்) 100 மி.மீ. ஓட்டிச் சாய்வும் பார்த்தேன், 0.01, சரி.

ஷிம்மை எடுத்துவிட்டு முகம் சீவினேன். நடுவில் எதுவும் நிற்கவில்லை. ஓட்டை இப்போது 12.02.