ரெண்டாவது தலை தீபாவளி

அக்டோபர் 4, 2024, வெள்ளி

மணி மூன்றரை. தூக்கம் வரவில்லை என்று போனை எடுத்தது தப்பு. மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது குற்றமா என்ற வழக்கில் மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் பதில் மனு போட்டிருக்கிறது. மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு உரிமை கிடையாது என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை வன்புணர்வு என்று சொல்வது அளவுக்கு மீறிய கடுமையாம். சரி, வேறு என்ன பெயர் வைக்கலாம்? முதல் கல்யாணத்தில் மூன்று வருஷமாக நடந்ததற்கு நானும் பெயர் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இவர் புரண்டு படுத்தார். சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தேன், திருட்டுத்தனம் பண்ணியவள் மாதிரி.

அக்டோபர் 6

இன்றைக்கு எத்தனை தடவை ‘சரி’ சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் 23.

அக்டோபர் 9

இவர் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். பக்கத்தில் உட்காரலாமா, கையைப் பிடிக்கலாமா, நிஜமாவா, உறுதியாவா. பாங்கில் ஓடிபி கேட்கிற மாதிரி. கேட்கிற மனுஷன் கிடைக்க மாட்டானா என்று ஏங்கியவள்தான் நான், கேட்டால் எரிச்சல் வருகிறது. நான் ‘சரி’ என்றுதான் சொல்கிறேன். அந்தச் சரி எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. காய்கறிக்காரர் தக்காளி கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றிச் சொன்னாலும் இதே குரலில்தான் சரி என்கிறேன். நேற்று ராத்திரி சொன்னதும் அதே சரிதானா?

அக்டோபர் 12

விஜயதசமி. அம்மா போன். தலை தீபாவளிக்கு 30ஆம் தேதியே வந்துவிட வேண்டுமாம். “மொதல்ல செஞ்சதுல ஒரு குறை இல்லாம இவருக்கும் செய்யணும்டி, மனசுல ஒண்ணும் நெனைச்சுக்கக் கூடாது பாரு.” வேட்டி, மோதிரம், சீர் பட்சணம். “மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு.”

மாடி ரூம்.

சரிம்மா என்றேன்.

அக்டோபர் 15

விடாத மழை. வேளச்சேரிக்காரர்கள் போன வருஷத்து வெள்ளத்துக்குப் பயந்து நேற்றே கார்களைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தோம். அதுவரை நல்ல நாள்.

ஈரத்தில் படுக்கையறைக் கதவு உப்பிக்கொண்டது. இவர் தோளால் முட்டிச் சாத்தித் தாழ்ப்பாளை ஓங்கித் தட்டினார். அந்தச் சத்தம். துணி மடித்துக்கொண்டிருந்தேன், கையில் தலையணை உறை, அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, இவர் கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் நான் அங்கே இல்லை. பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினார். செய்யக் கூடாதது அதுதான், பாவம், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கவுன்சிலர் சொன்னது: ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று ஆகிவிட்டால் உடம்பு மூன்றாவதாக ஒன்று செய்யும், உறைந்துபோகும். அது நீங்கள் எடுத்த முடிவில்லைங்க. கேட்டதும் மரவட்டை ஞாபகம்தான் வந்தது, தொட்டால் சுருண்டுகொள்ளுமே. சின்ன வயசில் மழை நாளில் குச்சியால் தொட்டுத் தொட்டு விளையாடுவோம். ஒன்றாவது கடித்ததில்லை.

நிதானத்துக்கு வர அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு: கண்ணில் படுவது ஐந்து, கையில் தொடுவது நான்கு, காதில் கேட்பது மூன்று, வாசனை இரண்டு, ருசி ஒன்று. எண்ணினேன். வாசனைக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன், அறை முழுக்க ஷேவிங் லோஷன் வாசனை. இவர் தாடிக்காரர், லோஷனே போடுவதில்லை.

அக்டோபர் 18

சண்டை. “நான் அந்த ஆள் இல்லையே, எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?” நியாயமான கேள்வி. நியாயமாக இருப்பதுதான் தாங்கவில்லை. நீங்க அவன் இல்லைன்னு எனக்குத் தெரியும், என் முதுகுக்குத் தெரியலையே என்று சொல்ல நினைத்தேன். சொன்னது, “சரி, சாப்பிட வாங்க.”

அக்டோபர் 19

பேசவில்லை. ரசம் மட்டும் நன்றாக இருந்ததாம்.

அக்டோபர் 24

வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தலைமை நீதிபதி நவம்பர் 10ஆம் தேதி ஓய்வு பெறுகிறார், அதற்குள் வாதங்கள் முடியாதாம், வேறு அமர்வு கேட்குமாம். 2022இல் டெல்லி ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள், இரண்டு தீர்ப்பு. இப்போது இது. எனக்கும் இந்த வழக்குக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை, என் கதை முடிந்துபோனது. ஆனாலும் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள் மாதிரி தினமும் தேடிப் பார்க்கிறேன்.

புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வன்புணர்வைப் பற்றிய 63ஆம் பிரிவை உட்கார்ந்து படித்தேன். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நான் உறைந்துபோய்க் கிடந்ததை யாரோ பார்த்து எழுதிய மாதிரி. இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் விலக்கு: மனைவிக்குப் 18 வயது நிறைந்திருந்தால் இது எதுவும் பொருந்தாது. 15 என்று இருந்ததை 18 ஆக்கியதே 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட். அதே மாசக் கடைசியில் எனக்கு நலங்கு வைத்தார்கள். எனக்கு 24.

அந்தக் கல்யாணத்தில் என் சம்மதத்தை ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டார்கள். குடும்ப நீதிமன்றத்தில். இந்து திருமணச் சட்டம் 13பி, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, “யாரும் வற்புறுத்தலையே, உங்க சொந்த விருப்பமா?” என்று கேட்டார். ஆறு மாசம் கழித்து வரச்சொல்லி மறுபடி கேட்டார், அவசரப்பட்டுச் சரி சொல்லியிருப்பேனோ என்று. விட்டுப் போவதற்கு இத்தனை ஜாக்கிரதை. அன்றைக்குச் சொன்ன சரி மட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 27

மாடி ரூம் மாடி ரூம் மாடி ரூம்.

அக்டோபர் 30, மாயவரம்

அதே கட்டில். மெத்தை புதுசாம், அம்மா பெருமையாகத் தட்டிக் காட்டினாள். 2018இல் இதே கட்டிலிலிருந்து எழுந்து விடிகாலையில் கீழே போய், அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன், சொல்ல முடிந்தவரைக்கும். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் வெளியில சொல்ற விஷயமா?” என்றுவிட்டு அதிரசத்தைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய்ச் சட்டியை விட்டு நிமிரவே இல்லை.

இன்றைக்கு ராத்திரி பால் டம்ளரோடு படியேறிப் பாதியில் நின்றேன். திரும்பி இறங்கி வந்து, “வேண்டாம்மா. நாங்க கூடத்துல படுத்துக்கறோம்” என்றேன்.

“மாப்பிள்ளை கூடத்துலயா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“வேண்டாம்.”

ரொம்பச் சின்னக் குரல்தான். அம்மா முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் பாயை எடுத்துவந்து போட்டாள். இவர் ஏன் என்று கேட்கவில்லை, தலையணையைத் தட்டிப் போட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டார். தாழ்ப்பாளே இல்லாத இடம், மூலையில் அப்பாவின் குறட்டை. ஆறு மணி நேரம் தூங்கினேன்.

அக்டோபர் 31

கங்கா ஸ்நானம், லேகியம், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் நடுங்குகிற தெரு நாய். அதைப் பார்த்து எனக்கு அழுகை. எல்லாரும் புகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 6

மாடி ரூமைப் பற்றி இவரிடம் சொன்னேன். எல்லாமும் இல்லை, பாதி. லைட்டை அணைத்துவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. சொல்லி முடித்த பிறகு, “தாழ்ப்பாள்... அதுவா?” என்றார். அதுதான் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்றைக்கு நான் கேட்டேன். நானாக. கல்யாணமாகி இரண்டு மாசத்தில் முதல் தடவை. இரண்டு கல்யாணத்துக்கும் சேர்த்து முதல் தடவை.

“இன்னைக்கு வேணாம்மா, தலை வலிக்குது” என்றார்.

சிரித்துவிட்டேன். தைலம் தேய்த்துவிட்டேன், ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், கோபமில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். காரணம் ஜோடிக்கவில்லை, பயப்படவில்லை, என் முகம் மாறுகிறதா என்று பார்க்கவும் இல்லை. வேணாம் என்றார், தூங்கிவிட்டார்.

நவம்பர் 11

வேணாம். வேண்டாம். இப்போ வேண்டாம். (சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குக்கர் விசில் அடிக்கும்போது சத்தமாக.)

நவம்பர் 14

கதவை இழைக்கக் கார்பென்டர் பதினொரு மணிக்கு வருகிறார். தாழ்ப்பாளையும் கழற்றிவிடவா என்று இவர் கேட்டார். உடனே சரி சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.