பெயர்க் காரண நோட்டு: நான்காம் மாதம்

பட்டாம்பூச்சிகளின் ஆங்கிலப் பெயர்கள் எத்தனை முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. அதனால் ஒரு நோட்டு போட்டேன். கிட்டத்தில் பார்த்த பூச்சிக்கு மட்டும் ஒரு பக்கம். அதில் அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை மட்டுமே எழுத வேண்டும். நான்கு மாதத்தில் 31 பக்கம் ஆகியிருக்கிறது.

முதல் மாதம் முழுக்கக் கப்பல் சம்பந்தப்பட்ட பெயர்கள்தான். கமாண்டர், கமோடோர், லஸ்கர், கிளிப்பர் என்று வரிசையாக வந்தன. சைலரையும் மாலுமி என்றே எழுதி வைத்திருந்தேன். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கவனித்த பிறகுதான் அது மாலுமி (sailor) இல்லை, sailer என்று தெரிந்தது. சில தடவை இறக்கையடித்துவிட்டு, விரித்த இறக்கையோடு மிதந்து போகிற பூச்சி என்று அர்த்தம். இப்போது தூரத்தில் பறந்தாலே அடையாளம் தெரிகிறது.

அதிக நாள் பிடித்தது காமன் மார்மன். ஆண் எப்போதும் ஒரே மாதிரி: கறுப்பு உடை, பின் இறக்கையில் வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கோ மூன்று வடிவம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும், இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போல, மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல. ரோஸ் இரண்டும் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று உடம்பில் நஞ்சு சேர்ப்பவை. பறவைகள் அவற்றை ஒதுக்கிவிடும். அந்த பயம் மார்மன் பெண்ணையும் காப்பாற்றுகிறது. ஒரே ஆணுக்கு இத்தனை விதமான பெண்களா என்று பார்த்தவர்கள், ஒரு காலத்தில் பலதார மணத்துக்குப் பேர்போன, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற மதப் பிரிவினரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆர்வலர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை இது. ஆனாலும் எனக்குத் தமிழில் வழங்கும் கறிவேப்பிலை அழகிதான் பிடித்திருக்கிறது. முட்டையை எந்தச் செடியில் தேடலாம் என்று பெயரே சொல்லிவிடுகிறதே!

அப்புறம் அறிவியல் பெயருக்குப் போனேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல், கிரேக்கக் கதைகளில் வரும் ட்ராய் நகர வீரர்களின் பெயர்களை இந்தப் பூச்சிகளுக்கு வைத்தார். கிரிம்சன் ரோஸுக்கு ஹெக்டர், மார்மனுக்கு பாலிடெஸ். கதைப்படி இருவரும் பிரியாம் அரசனின் மகன்கள், அண்ணன் தம்பி. தம்பி பெயர் கொண்ட பூச்சி அண்ணனைப் போல வேடம் போடுகிறது! இப்படிப்பட்ட வேடத்தை இயற்கையியலாளர் பேட்ஸ் விளக்கி எழுதியது 1862இல்தான். லின்னேயஸுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. மறுநாள் ஒரு செடியருகே நின்று சரிபார்த்தேன். ஹெக்டரின் உடம்பு சிவப்பு, பாலிடெஸின் உடம்பு கறுப்பு. அதற்குப் பிறகு இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதில்லை.

இந்த மாதம் ஃபோர்-ரிங். பின் இறக்கையின் அடிப்புறத்தில் நான்கு கண் வளையங்கள் இருப்பதால் அந்தப் பெயர். நான் பார்த்ததில் வெறும் புள்ளிகள்தான் இருந்தன, வேறு இனமோ என்று குழம்பினேன். வறண்ட பருவத்தில் வளையங்கள் அப்படிச் சுருங்கிவிடும். கூட வந்த நண்பர் சொன்னார்: "வளையலை அடகு வைத்திருக்கிறது, மழை வந்ததும் மீட்டுவிடும்." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

32ஆம் பக்கத்தின் தலைப்பு ஜெசபெல். பைபிளில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு ஜன்னலில் நின்ற ராணியின் பெயர். பூச்சிக்கும் மஞ்சளும் சிவப்புமாக இறக்கையின் அடிப்புறத்தில்தான் அலங்காரம். இதுவரை உயரமான மரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அது கீழே இறங்கி இறக்கையை மூடி உட்காரும் வரை பக்கம் காலியாகவே இருக்கட்டும்.