உறையாத ஏரி: பஃபலோ நாட்குறிப்பு

2022 டிசம்பர் 21, புதன்

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் கனடாவின் டொரோண்டோ நகரத்தில், ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்படுவதாக ஒரு மாதமாகப் பேசி வைத்திருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து செப்டம்பரில் வந்த அம்மாவுக்குக் கனடா விசாவும் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பஃபலோவிலிருந்து, எல்லையில் இருக்கும் பீஸ் பாலத்தைக் கடந்துவிட்டால் இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகம், வெள்ளிக்கிழமை வரவிருக்கும் பனிப்புயலைத் 'தலைமுறைக்கு ஒருமுறை வருவது' என்று வர்ணித்திருக்கிறது. அளந்து பேசும் பழக்கமுள்ளவர்கள் இப்படிச் சொல்வது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. இவ்வூர்க்காரர்களோ, நவம்பரில் பார்க்காத பனியா என்று சிரிக்கிறார்கள். நவம்பர் 17 முதல் 20 வரை பெய்த பனி, தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குவிந்தது உண்மைதான். ஆனால் அதில் இப்போது சொல்லப்படுவது போன்ற காற்று இல்லை.

டிசம்பர் 22, வியாழன்

பயணத்தைக் கைவிட்டுவிட்டோம். இன்று இரவே கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னேன். போகும் வழி திறந்திருந்தாலும் திரும்பும் வழி இருக்குமா என்று மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று மாலை, மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் டென்வர் நகரில் ஒரே மணி நேரத்தில் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் இறங்கியிருக்கிறது. ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிய அந்தக் குளிர்காற்றுதான் நாளை காலை இங்கே வந்து சேரவிருக்கிறது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 24 மில்லிபார் அளவுக்குச் சரிந்தால் அதை 'வெடிகுண்டுச் சூறாவளி' என்கிறார்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது ஈரி ஏரிதான். 388 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது; அதன் கிழக்கு முனையில் எங்கள் ஊர். தென்மேற்குக் காற்று ஏரியின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டு வந்தால், உறையாத நீரிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வழிநெடுக அள்ளி, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். இங்கே எல்லோரும் 'லேக் எஃபெக்ட்' என்று சொல்வது இதைத்தான். ஏரி உறைந்து மூடிக்கொண்டால் இந்தப் பனி அடங்கிவிடும். இப்போது ஏரி உறையவில்லை.

அரிசி, பால், மெழுகுவர்த்தி, மகனுக்கு இருமல் மருந்து எல்லாம் வாங்கிவிட்டேன். கடையில் ரொட்டி அடுக்குகள் காலியாக இருந்தன.

டிசம்பர் 23, வெள்ளி

காலை ஏழு மணிக்கு மழைதான் பெய்துகொண்டிருந்தது. இதற்காகவா பயணத்தை விட்டோம் என்று அம்மா கேட்டார். ஒன்பது மணிக்குக் காற்றின் ஓசை மாறியது. ஈரமாயிருந்த வாசற்படி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைப் போல் இறுகியது. பத்து மணிக்கு எதிர் வீடு மறைந்துவிட்டது. அந்த வீடு முப்பது அடிக்கு அப்பால்தான் இருக்கிறது. "மாவு சலிச்ச மாதிரியில்லா இருக்கு" என்று அம்மா சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் அடங்கிய மாவட்டமான ஈரி கவுண்டியில் வாகனம் ஓட்டத் தடை காலை ஒன்பதரை மணிக்கு அமலுக்கு வந்தது. அறிவிப்பு வந்ததோ அதற்குச் சற்று முன்னர்தான். அந்த நேரத்தில் காலைப் பணிக்காரர்கள் ஏற்கெனவே வேலையிடத்தில் இருந்தார்கள்; மற்றவர்கள் பாதி வழியில் இருந்தார்கள். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு, வேலிகளைக் கையால் தடவித் தடவி நடந்து முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள் திறந்திருக்கிறார்கள். புயலை மூன்று நாட்களுக்கு முன்பே இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஊருக்கு, அன்றைய கூலியை விட முடியாதவர்களை வீட்டில் நிறுத்தத் தெரியவில்லை.

பீஸ் பாலம் உட்படக் கனடாவுக்குச் செல்லும் பாலங்களை மூடிவிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று.

டிசம்பர் 24, சனி

எங்கள் வீட்டு ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவதுதான், ஆனாலும் சூட்டை வீட்டுக்குள் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நேற்றிரவுதான் உணர்ந்தேன். நால்வரும் ஒரே அறையில், ஜன்னல்களைக் கம்பளியால் மூடிக்கொண்டு படுத்தோம். குழாய்கள் உறையாமலிருக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறேன். சமையலடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துக் கஞ்சி வைக்க முடிகிறது. அடுப்பை எரியவிட்டே குளிர்காயலாமே என்று அம்மா சொன்னார். மூடிய வீட்டில் அதன் புகை உயிரைக் குடித்துவிடும் என்று விளக்குவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு வருந்தினேன்.

அக்காவின் மகள் ஆட்டவாவிலிருந்து விடுமுறைக்கு வரும் வழியில், அவள் வந்த ரயில் கோபர்க் அருகே நின்றுபோய், பல மணி நேரமாக அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அத்தான் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். கைப்பேசியின் மின்னூட்டத்தைச் சேமிக்க வேண்டியிருப்பதால் திரும்பக் கேட்கவில்லை.

இன்று பகல் முழுவதும் ஒரு சைரன்கூடக் கேட்கவில்லை என்பதை மாலையில்தான் கவனித்தேன். ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் பனி அகற்றும் வண்டிகளும் எங்கெங்கோ சிக்கிக் கிடக்கின்றன. அவசர எண்ணை அழைத்தாலும் நகரின் பெரும்பகுதிக்கு வருவதற்கு ஆளில்லை. மகனின் இருமல் நேற்றைவிடக் குறைந்திருக்கிறது.

டிசம்பர் 25, ஞாயிறு

நள்ளிரவுக்கு முன்பே காற்று தணிந்தது. விமான நிலையத்தில் பனிப்புயல் நிலை 37 மணி நேரம் நீடித்ததாம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகக் காற்றும் கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரமும் மூன்று மணி நேரம் தொடர்ந்தாலே அதைப் பனிப்புயல் என்று அழைக்கலாம்.

கதவைத் திறந்தால் இடுப்பளவு பனிச் சுவர் நின்றது. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. உடனே வெளியே ஏறிக் குதித்து, பக்கச் சுவரில் ஹீட்டரின் புகைக்குழாய் எங்கே இருக்கிறதென்று தேடி, அதை மூடியிருந்த பனியைத் தோண்டிய பிறகே ஹீட்டரை ஓடவிட்டேன்.

மரணச் செய்திகள் வரத் தொடங்கியிருக்கின்றன. காருக்குள்ளும், பனிக்குவியலிலும், சூடில்லாத வீட்டிலும் கண்டெடுக்கிறார்கள். எண்ணிக்கை மணிக்கு மணி கூடுகிறது.

டிசம்பர் 27, செவ்வாய்

வாகனத் தடையை அமல்படுத்த இராணுவக் காவலர்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் தெரு இன்னும் திறக்கப்படவில்லை. சம்பளத்துடன் விடுப்பு உண்டா என்று என் அலுவலகம் இன்னும் சொல்லவில்லை.

எதிர் வீட்டுப் பெரியவருடன் சேர்ந்து பனி வெட்டினேன். 1977 ஜனவரி 28 அன்று தொடங்கிய புயலில் அவருக்கு இருபது வயது. இந்த ஊரில் பனிப்புயல் என்றால் அதுதான் அளவுகோல். அதில் 29 பேர் இறந்தார்கள், இப்போது அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டுவிட்டது. அவர் சொன்னதில் ஒன்று மனத்தில் நிற்கிறது. அன்று ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டிருந்தது. புயலின்போது வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி ஓரடி அளவுதான். ஊரைப் புதைத்தது, உறைந்த ஏரியின்மேல் வாரக்கணக்கில் குவிந்திருந்து காற்றில் கிளம்பிவந்த பழைய பனி. இம்முறையோ திறந்த நீரே பனியை உற்பத்தி செய்து அனுப்பியிருக்கிறது.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, சராசரியாக 19 மீட்டர். அதனால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் உறையும். 1973 முதல் எடுக்கப்பட்டுவரும் அளவீடுகளின்படி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கினாலும், இந்த ஏரிகளின் பனிக்கட்டிப் பரப்பு மொத்தத்தில் சுருங்கி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால், வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்றோட்டம் தளர்ந்து, குளிர் தெற்கே அடிக்கடி வழிகிறது என்று ஜெனிஃபர் ஃபிரான்சிஸும் ஸ்டீவன் வாவ்ரஸும் 2012-இல் எழுதினார்கள். அதை ஏற்காத அறிவியலாளர்களும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் குளிர் எந்தக் காரணத்தால் வந்தாலும், வரும்போது ஏரி திறந்து கிடந்தால் நடப்பது என்ன என்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டேன். 'இவ்வளவு பனி பெய்கிறதே, புவி வெப்பமாவது எங்கே?' என்று ஊரிலிருந்து நண்பர் அனுப்பிய கேலிப் படத்துக்கு இதையே பதிலாக எழுதினேன். அவர் ஒரு சிரிப்புக் குறியை அனுப்பினார்.

டிசம்பர் 28, புதன்

விமான நிலையம் திறந்துவிட்டது. அங்கே இந்தப் புயலில் அளந்த பனி 51.9 அங்குலம், அதாவது 132 சென்டிமீட்டர். நகருக்குள் வாகனத் தடை இன்று நள்ளிரவு கடந்ததும் நீங்குகிறது.

டிசம்பர் 30, வெள்ளி

வெப்பநிலை 10 டிகிரியைத் தொட்டிருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன் குளிர் விரலைத் தின்ற அதே தெருவில் இன்று தண்ணீர் ஓடுகிறது. வெள்ள எச்சரிக்கைகூட விட்டிருக்கிறார்கள்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். காரின் பின்புறத்தில் மண்வெட்டி, இரண்டு கம்பளி, இரண்டு நாள் சாப்பாடு. அக்கா மகள் பத்திரமாக வீடு சேர்ந்து, இப்போது அந்த ரயில் கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பீஸ் பாலத்தின் மேல் வண்டிகள் வரிசையாக நின்றபோது அம்மா இடப்புறம் திரும்பிப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு ஏரி உறைந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். கரையோரப் பாறைகளில் மட்டும் பனிக்கட்டி படிந்திருந்தது. அதற்கு அப்பால், கண்ணுக்கெட்டிய வரை, சாம்பல் நிறத் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது.