காமெடி மேடைக்குப் போகிறவர்கள் தொகுப்பாளர் மைக்கையும் பிடிக்க வேண்டும்

தனி ஆளாக மைக்கோடு நின்று கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடிக்குப் பட்டப்படிப்பும் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. அதனால் "அண்ணா, எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்குக் கைகாட்ட ஒரு கல்லூரி இல்லாமல் போகிறது. இந்த வேலையை நான் சென்னையில் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது: காமெடியன் ஆக ஆசைப்படுகிறவர்கள் நிகழ்ச்சித் தொகுப்பையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். வருமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் மனநிலையை அறிய அந்த மைக்தான் பழக்குகிறது.

எல்லோரும் சிவகார்த்திகேயனை உதாரணம் காட்டுவார்கள். டிவி போட்டியில் ஜெயித்தார், ஹீரோ ஆனார் என்று கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் இருந்ததைப் பாருங்கள். திருச்சியில் பொறியியல் படிக்கும்போதே மிமிக்ரி செய்தவர் அவர். விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு'வில் வென்ற பிறகு, 2012-ல் 'மெரினா' வரும்வரை, அவர் பெரும்பாலும் தொகுப்பாளர்தான். அவர் தொகுத்த 'அது இது எது' நிகழ்ச்சியின் பழைய பகுதிகளைப் போட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவரைப் பேசவிடுவார், அவர் சொன்னதிலிருந்தே ஒரு வார்த்தையைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தக் காது வருவதற்குப் பல வருடம் பிடிக்கும்.

சரி, முதல் படி ஓப்பன் மைக், அதாவது புதியவர்களும் பெயர் கொடுத்து மேடையேறிப் பார்க்கும் நிகழ்ச்சி. சென்னையில் காஃபேக்களிலும் சிறு அரங்குகளிலும் நடக்கிறது. நடத்துபவர்கள் இன்ஸ்டாகிராமில் படிவம் போடுவார்கள், பெயர் கொடுத்தால் நாலைந்து நிமிடம் கிடைக்கும். கடைசி நிமிடத்தில் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார்கள். வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் ஜோக்கை முடித்து இறங்கிவிட வேண்டும். நேரத்தைத் தாண்டுகிறவரை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். ஜோக் சுமாராக இருந்தால்கூடக் கூப்பிடுவார்கள்.

மேடை ஏறும் ஒவ்வொரு முறையும் போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். ஆடியோ போதும். வீட்டுக்கு வந்ததும் கேட்காமல், மறுநாள் காலையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேளுங்கள். சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, வரும் என்று நினைத்து வராத இடத்தில் ஒரு வட்டம். நான் படித்த படிப்பு என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரே ஐந்து நிமிடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, கோடுகள் கூடுகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு புது ஜோக் தொகுப்பு எழுதுகிறேன் என்று ஓடுகிறவர்களுக்கு எதுவும் கனிவதில்லை.

தமிழில் ஜோக் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடியும். சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதற்குப் பின்னால் "வச்சிருக்காரு", "சொன்னாங்க" என்று ஒரு வால் தொங்கும். ஒரு உதாரணம். "எங்க அப்பா கடை வைஃபைக்குக் குலதெய்வம் பேரைத்தான் பாஸ்வேர்டா வச்சிருக்காரு." கேட்டவர்கள் புன்னகைப்பார்கள், அவ்வளவுதான். இதையே இப்படி மாற்றுங்கள்: "எங்க கடையில யாராவது வைஃபை கேட்டா, அப்பா முதல்ல செருப்பைக் கழட்டுவாரு. அப்புறம்தான் டைப் பண்ணுவாரு. ஏன்னா பாஸ்வேர்டு... எங்க குலதெய்வம்." ஒரு படம் முன்னால் வந்துவிட்டது, காரணம் கடைசிச் சொல்லில் வெடிக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிரிப்பு எழும்பும் நேரத்தில் அடுத்த வரியை ஆரம்பித்தால் கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்களைக் கவனிக்கும். பிறகு சிரிக்கத் தயங்கும்.

தொகுப்புக்குப் பாடம் எங்கே கிடைக்கும் என்றால், பட்டிமன்றத்தில். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். ஒரு பேச்சாளர் இறங்குவதற்கும் அடுத்தவர் ஏறுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம்தான். அதற்குள் போனவர் சொன்னதை ஒரு சிரிப்போடு முடித்துவைத்து, வருகிறவருக்குச் சூடு குறையாமல் மேடையைக் கொடுக்க வேண்டும். ஸ்டாண்ட்-அப் ஷோவில் ஹோஸ்டுக்கும், அதாவது தொகுப்பாளருக்கும், இதே வேலைதான். முன்னால் போனவர் சொதப்பியிருந்தால் அரங்கைத் தூக்கிவிட வேண்டும், அவர் கலக்கியிருந்தால் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். தன் ஜோக்கைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறவர் நல்ல ஹோஸ்ட் இல்லை.

ரிசப்ஷன், கம்பெனி விழா, கல்லூரி கல்ச்சுரல்ஸ் என்று வெளி நிகழ்ச்சிகளுக்குப் போனால் இன்னும் நிறையக் கற்கலாம். சிரிக்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் இல்லை அது. பாதிப் பேர் பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரிசப்ஷனில் ஒரு விதி எனக்குத் தெரிந்து எங்கும் பொய்த்ததில்லை: "சாப்பாடு தயார்" என்று மைக்கில் சொன்ன நிமிடம் முன்வரிசை காலியாகும். யார் என்ன அவசரப்படுத்தினாலும் மாப்பிள்ளை, பெண் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் தலையசைக்காமல் அதை அறிவிக்காதீர்கள். முக்கிய விருந்தினர் வரத் தாமதமானால் குழந்தைகளை மேடைக்குக் கூப்பிடுங்கள். பிள்ளை மைக்கில் பேசினால் அதன் மொத்த உறவும் எழுந்து வந்து வீடியோ எடுக்கும். அதில் தாராளமாக நேரம் கிடைக்கும்.

மேடை ஏறுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வரவேற்க வேண்டியவர்களின் பெயர், இனிஷியல், பட்டம், எந்த வரிசையில் என்பதை நடத்துகிறவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அந்த வரிசையை நீங்களாக முடிவு செய்தால் பிரச்சினை வரும். குடும்பத்தில் சமீபத்தில் துக்கம் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் மைக்கோடு நின்றால் கீச்சிடும், அதனால் நிற்கும் இடத்தைச் சவுண்ட் அண்ணனிடம் முன்பே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரை மரியாதையாக நடத்துகிறவருக்கு மேடையில் பாதிக் கவலை குறையும்.

அரசு நிகழ்ச்சி என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 வினாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். "அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்துவிட்டு, கூட்டம் முழுக்க எழுந்த பிறகு பாடுகிறவர்களுக்குச் சைகை காட்டுங்கள். பாட்டு முடியும்வரை காகிதத்தைப் புரட்டாதீர்கள். மேடையில் இருக்கும் உங்களைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உருவம், நிறம், பெண் வேடம் போட்ட ஆண், மாமியார் என்று டிவி காமெடி பல காலம் ஓட்டிய சரக்கு நிறைய இருக்கிறது. கல்யாண மேடையில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள் என்பது என் கெஞ்சல். மணப்பெண் தன் வாழ்க்கையின் முக்கியமான நாளில் அலங்காரத்தோடு நிற்கிறாள். நூறு பேர் சிரித்தாலும் அவள் முகம் சுருங்கினால் அந்த ஜோக் தோற்றுவிட்டது. கேலி செய்துதான் ஆக வேண்டும் என்றால், யாரைக் கேலி செய்யப் போகிறீர்களோ அவர்களிடமே செய்யலாமா என்று முன்பு கேட்டுவிடுங்கள், சந்தோஷமாக விஷயம் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைசியாகப் பணம். ஓப்பன் மைக்கில் காசு வராது, வெளி நிகழ்ச்சிதான் வாடகை கட்டும். தேதியை உறுதி செய்யும்போதே பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள், எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு முடியும், போக்குவரத்து யார் செலவு என்பதை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கைகள் இரவு திரும்பும் காரையும் அதில் சேர்த்தே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கம்பெனிகள் கொடுக்கும் தொகையில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால், கட்டவேண்டிய வரியை விடக் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆடியில் கோயில் திருவிழா மேடைகள் உண்டு, மார்கழியில் கம்பெனி வருடக் கடைசி விழாக்களும் டிசம்பர் 31 கொண்டாட்டமும் உண்டு. அவற்றுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஆள் பேசிவிடுவார்கள். அதனால் மார்கழி மேடைகளுக்குப் புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வீடியோவிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி, ஒலி தெளிவாக இருக்கிறதா என்று ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஈவென்ட் நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.